நாளுக்கு மூன்று அதிகாரம்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கு ‘வேதக்காரர்’ என்றொரு பெயர் உண்டு. அவர்கள் கூடும் இடம் ‘வேதக்கோயில்’. வணங்கும் தெய்வத்தின் பெயரால் அன்றி, கையில் வைத்திருக்கும் நூலின் பெயரால் அமைந்த அழைப்பு இது. பழைய வழக்கில் வேதம் என்ற சொல் சமயம் என்றும் பொருள்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. மதம் மாறியவனை ‘வேதத்தில் சேர்ந்தான்’ என்றே ஊரார் சொன்னார்கள். எனினும் விளக்கு வைத்த நேரத்தில் தெருவோடு போனவர் காதில் விழுந்தது, ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஏற்ற இறக்கம் குறைந்து ஓடிய வாசிப்புக் குரல்தான். பெயர் பொருத்தமாகவே நிலைத்தது.

அந்த வாசிப்புக்கு ஒரு கணக்கு இருந்தது. நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 ஆகமங்கள். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரங்கள், புதிய ஏற்பாட்டில் 260, ஆக 1189. மேற்சொன்ன கணக்கின்படி ஓர் ஆண்டில் 1199 அதிகாரம் படிக்கலாம். மிஞ்சும் பத்து, காய்ச்சலுக்கும் கலியாணத்துக்கும் விட்ட இடம் என்று எங்கள் ஆச்சி சொல்வதுண்டு. சனவரி முதல் நாள் ஆதியாகமத்தில் தொடங்கினால் டிசம்பர் 28 வாக்கில் வெளிப்படுத்தின விசேஷம் முடியும்.

இப்படிப் படிக்கிறவர்களுக்கு ஆண்டின் பருவங்கள் நூலின் பருவங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. சனவரிக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகளின் முறைகள், தீட்டின் விதிகள், குஷ்டரோகத்தின் அடையாளங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் உறுதி பூண்டவர்களில் பலர் கழன்றுகொள்ளும் இடமும் அதுவே. சித்திரை பிறப்பதை ஒட்டி நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள், ஆதாமில் தொடங்கிப் பெயர்களன்றிப் பெரும்பாலும் வேறொன்றும் இல்லாத வம்ச அட்டவணைகள். அக்கினி நட்சத்திரம் முடியும் வேளையில் சங்கீதம். ஐப்பசி பிறக்க ஒரு வாரம் இருக்கையில் மத்தேயு. மழைக்காலம் முழுவதும் சுவிசேஷங்களும் நிருபங்களும். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு, கூரையில் மழை விழும் ஓசை கேட்டாலே கலிலேயாக் கடல் நினைவுக்கு வருவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் தானாக முளைத்ததன்று. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 16ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. ஆனால் அது ஞானோபதேசம். மனப்பாடம் செய்ய வேண்டிய மந்திரங்களும் வினாவிடைகளும் கொண்டது. கடற்கரையின் விசுவாசம் நாவிலும் திருவிழாவிலும் வாழ்ந்தது, ஏட்டில் அன்று. ஒவ்வொரு விசுவாசியும், ஆணாயினும் பெண்ணாயினும், மறைநூலைத் தன் கையில் எடுத்துத் தன் மொழியில் நாள்தோறும் படிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேறொரு நிலத்திலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார் அதைத் தங்கள் மூச்சாகக் கொண்டிருந்தார்கள். ஏழைகளும் வாங்கும் விலையில் வேதாகமம் அச்சிட 1710இல் அங்கே கான்ஸ்டைன் பிரபுவின் பெயரில் ஒரு நிலையம் எழுந்தது. 1728இல் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவியச் சகோதரர்கள் நாளுக்கொரு வசனத்தை வீடுதோறும் சொல்லியனுப்பத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் நூலாக அச்சாகிறது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் வசன நாட்காட்டிக்கு அதுவே மூத்த பாட்டி.

ஹாலேயின் வழியில் வந்தவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கியவர், 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்துவிட்டார். ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பொறையாற்றில் தாள் செய்யவும் முயன்றார்கள். சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன, எஞ்சியவை மறு ஆண்டில். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்த சீகன்பால்கு 1719இல், நாற்பது வயது காணாமலே, இறந்தார். பெஞ்சமின் சூல்ட்சே மிச்சத்தை 1728க்குள் முடித்தார். அதே 1728இல் வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதி, இவர்களுடைய கொள்கையோடு இவர்களுடைய தமிழையும் சேர்த்துச் சாடினார். தமிழைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தேம்பாவணி பாடியவரின் செவிக்கு, இரண்டரை ஆண்டில் முடிந்த மொழிபெயர்ப்பு எப்படி ஒலித்திருக்கும்?

ஆனால் அந்தக் கரடுமுரடான தமிழைச் சிலர் நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தார்கள். நாம் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை மொழிபெயர்ப்பாளர்களின் வரிசையாகச் சொல்வதே வழக்கம். வாசித்தவர்களின் பக்கமிருந்து அதைப் பார்த்தால், எந்த மொழிபெயர்ப்பு நின்றது, எது விழுந்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் அறிஞர்கள் அல்லர் என்பது தெரியும். விளக்கடியில் உரக்கப் படித்தவர்களும் அதைக் கேட்டவர்களுமே தீர்மானித்தார்கள்.

பப்ரிஷியஸ் இதற்கு முதற்சான்று. 1742 இறுதியில் சென்னைக்கு வந்த யோகான் பிலிப் பப்ரிஷியஸ் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே கழித்தார். ஆங்கிலேயர் 1761இல் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரியில் அவர் கைக்கு வந்தது; அதிலிருந்து 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிப்பட்டது. பணம் கையாளத் தெரியாத மனிதர். பிறர் நம்பிக் கொடுத்த தொகைகளைக் கடன் கொடுத்து இழந்து, கிழப்பருவத்தில் கடனுக்காகச் சிறையும் கண்டார். 1791இல் இறந்தார். சொற்களை எடை போடுவதில் மட்டும் அவர் எதையும் தவறவிடவில்லை. லுத்தரன் சபையார் அவருடைய மொழிபெயர்ப்பைப் ‘பொன் மொழிபெயர்ப்பு’ என்றழைத்து, மற்றவர்கள் எல்லாரும் புதியதற்குப் போன பின்னும், 20ஆம் நூற்றாண்டு வரை விடாமல் பற்றியிருந்தார்கள். கடவுளுக்கு அவர் ஆண்ட சொல் ‘பராபரன்’. அந்தச் சொல்லால் அழைத்து மன்றாடிப் பழகிய நாவுக்கு வேறொரு சொல் எளிதில் வராது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அதை உணராமல் கைவைத்தவர் ரேனியஸ். 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்த இவர் நல்ல தமிழ் அறிந்தவர், இலக்கணம் எழுதியவர். மூலத்தின் வாக்கிய அமைப்பைக் கட்டியழுவதைவிடத் தமிழுக்கு இயல்பான ஓட்டத்தில் பொருளைச் சொல்வதே மொழிபெயர்ப்பு என்று வாதிட்டு 1827இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இன்றைய மொழிபெயர்ப்பு வகுப்பில் அதைப் படித்தால் அனைவரும் தலையசைப்பார்கள். தஞ்சையில் தலையசைக்கவில்லை. பெத்லேகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என நான்கை எண்ணிக் கண்டித்தார்கள். அவற்றுள் ஒன்று, பப்ரிஷியஸின் வேதத்தைத் திருத்துவது. தமிழ்ப் பாட்டையும் இசையையும் வழிபாட்டிலிருந்து விலக்கியதும், மணவீட்டிலும் சாவுவீட்டிலும் பூவைத் தடுத்ததும் வேறு இரண்டு. நான்காவது, சாதி பாராமல் ஒன்றாய் உட்காரவும் நற்கருணை பெறவும் கட்டாயப்படுத்தியது.

இந்த நான்காவதை மறைத்துவிட்டு மற்ற மூன்றையும் தமிழ்ப் பண்பாட்டின் குரலாகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. நாம் அப்படிச் செய்ய இயலாது. பழகிய சொல்லைக் காத்த அதே கை பழகிய அநீதியையும் காத்தது. நாள்தோறும் வேதம் படித்த ஒருவர், கிறிஸ்துவில் வேற்றுமை இல்லை என்று பவுல் எழுதிய இடத்தை ஆண்டுதோறும் கடந்து சென்றுகொண்டே, பக்கத்துப் பாயில் உட்காருகிறவனைத் தள்ளிவைக்கவும் முடிந்திருக்கிறது. வாசிப்பு மனிதனைத் தானாகவே மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் தஞ்சையின் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். ரேனியஸின் புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது, தெளிவுக்காகப் புகழப்பட்டது, ஆயினும் அதுவே எல்லாருக்கும் உரிய நூலாக நிலைபெறவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் விந்தை. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்கு மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் அவரிடம் பயின்ற ஓர் இளைஞர், சைவர், ஆறுமுகம் என்று பெயர். பின்னாளில் நாவலர். 1840களில் பல ஆண்டுகள் அவர் வேதாகமத்தை வரிவரியாகத் தமிழில் எழுதிப் பார்த்தார். ஞானஸ்நானம் மட்டும் பெறவில்லை. 1848இல் மிஷன் வேலையைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். சோதனைப் பதிப்பு என்ற அடையாளத்தோடு 1850இல் வெளிவந்த அந்த வேதாகமத்தைத் தமிழ்ச் சபைகள் ஏற்கவில்லை. வித்துவான்களின் தமிழ், குடும்ப ஜெபத்தின் தமிழ் அன்று என்பதே குறை.

ஆனால் நாவலர் படித்தது வீணாகவில்லை. 1854இல் அவர் வெளியிட்ட ‘சைவதூஷணபரிகாரம்’ மிஷனரிகளை அவர்களுடைய நூலைக் கொண்டே மடக்கியது. சிவாலயத்தின் விளக்கையும் தூபத்தையும் தீட்டையும் ஏளனம் செய்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டின் ஆசரிப்புக் கூடாரத்தில் இவையெல்லாம் இல்லையா என்பது அந்நூலின் வாதப் போக்கு. சனவரிக் கடைசியில் நாம் கொட்டாவியோடு கடக்கும் லேவியராகமத்தை அவர் உறங்காமல் படித்திருக்கிறார். ‘வசனநடை கைவந்த வல்லாளர்’ என்று தமிழுலகம் அவரைப் போற்றும். அந்த வசனநடை பயின்ற களங்களில் வேதாகம மொழிபெயர்ப்பும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று சொன்னால் இரு தரப்பாருக்கும் பிடிப்பதில்லை. நமக்கு அது வெட்கப்பட வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை.

இத்தனை சண்டைக்குப் பிறகே பவர் வந்தார். ஹென்றி பவர் தலைமையில், முத்தையா பிள்ளை துணைநிற்க, கால்டுவெல் முதலானோர் அடங்கிய குழு பல்லாண்டு உழைத்து 1871இல் முழு வேதாகமத்தைத் தந்தது. ஆச்சி வீட்டு மேசையில் இருந்ததும், இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலான வீடுகளில் இருப்பதும் அதுவே. குழுவினரின் சாமர்த்தியம் புதிதாக எழுதியதில் இல்லை. பப்ரிஷியஸை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ரேனியஸிடமிருந்து தெளிவையும் யாழ்ப்பாணத்திலிருந்து செப்பத்தையும் அளவாக எடுத்துக்கொண்டார்கள். நூறாண்டாக உரக்கப் படித்த காதுகள் எதைத் தாங்கும், எதைத் தாங்கா என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பராபரன் போய் ‘தேவன்’ வந்தது ஒன்றே பெரிய மாற்றம்.

அதன்பின் யாராலும் அந்தக் காதுகளை வெல்ல முடியவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த எல். பி. லார்சன் போன்ற பேரறிஞர் உழைத்த திருத்தம் 1936இல் வெளிவந்து வாசகர் இன்றிக் கிடந்தது. அதை மறுபடி திருத்தி மோனகன் தந்த 1954ஆம் ஆண்டுப் பதிப்பு ‘கடவுள்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது; மேடையில் புகழ்ந்தார்கள், வீட்டில் பழையதைப் படித்தார்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ நல்ல தமிழில் அமைந்தது. கத்தோலிக்கர் வழிபாட்டில் நிலைத்துவிட்டது. மற்ற வீடுகளில் அது பெரும்பாலும் அலமாரி நூல். வேடிக்கை என்னவென்றால், பவர் பதிப்பே மூலவேதம் என்பதுபோல் இன்று வாதாடுகிறவர்களின் முன்னோர் சிலரே, பப்ரிஷியஸைத் தொட்டதற்காகக் கூக்குரலிட்டவர்கள்.

இவ்வளவையும் தொலைவில் நின்று எழுதிவிடலாம், வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே வராமல் இருந்திருந்தால். ஆச்சிக்குக் கண் மங்கியபின் மாலை வாசிப்பு பேத்தியின் பொறுப்பாயிற்று. அவள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ‘உபத்திரவம்’ என்றால் என்ன, ‘கெம்பீரம்’ என்றால் என்ன, ‘நித்திய ஜீவன்’ யார் என்று கேட்கத் தொடங்கினாள். ‘விசுவாசம்’ அவளுக்கு நாய் பற்றிய சொல். பிள்ளைக்குப் புரியும் நூலைப் படிக்கலாமே என்று எங்களில் இளையவர்கள் திருவிவிலியத்தை எடுத்து வைத்தோம். நித்திய ஜீவன் ‘நிலைவாழ்வு’ ஆயிற்று, ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’, பாக்கியவான்கள் ‘பேறுபெற்றோர்’. ஏசாயா எசாயா ஆனார். பிள்ளை தடையின்றி வாசித்தாள். ஆச்சி நாலு நாள் பொறுத்திருந்து, “இது யார் வீட்டு வேதம்?” என்று கேட்டார்.

எங்களிடம் அதற்கு விடை இருந்தது, வாதமாக. மொழி வாழ்கிறவர்களுக்கு உரியது. சீகன்பால்கு கடல் கடந்து வந்ததே புரியும் சொல்லில் தருவதற்காகத்தான். புரியாத சொல்லைப் புனிதம் என்று வைத்துக்கொள்வது எந்தக் கொள்கைக்காக அவர்கள் பிரிந்து வந்தார்களோ அதற்கே எதிரானது. இந்த வாதத்தில் இன்றும் எங்களுக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் ஆச்சியின் பக்கத்திலும் ஒன்று இருந்தது, அவர் அதைச் சொல்லவில்லை; நாங்கள் கண்டிருந்தோம்.

தாத்தா இறந்தது ஒரு சித்திரை மாதத்தில். அடக்கம் முடிந்த மாலை, வந்த உறவினர் சூழ உட்கார்ந்திருக்க, குருவானவர் ஆறுதலாக ஒரு சங்கீதம் வாசிக்கலாம் என்றார். ஆச்சி தலையசைத்து, அவர் வாசித்து ஜெபித்துப் புறப்படும்வரை காத்திருந்தார். பிறகு தம் புத்தகத்தை எடுத்தார். அன்றைய முறை நாளாகமத்தின் அட்டவணை. மூன்று அதிகாரம், முழுவதும் பெயர். யார் யாரைப் பெற்றான், அவன் யாரைப் பெற்றான். வாய்க்குள் நுழையாத எபிரெயப் பெயர்களை ஒன்றையும் விடாமல், தமக்குத் தெரிந்தபடி உச்சரித்து, நடுவில் ஓரிடத்திலும் குரல் தடுமாறாமல் வாசித்தார். அழுதவர்களின் அழுகை ஓய்ந்து, செத்துப்போன நூற்றுக்கணக்கான மனிதர்களின் பெயர்களை நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறுதல் என்று அதற்குப் பெயரிடலாமா என்று தெரியாது. தேர்ந்தெடுத்த எந்த வசனமும் அன்று எங்களை அப்படி உட்கார வைத்திருக்காது.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை நாங்கள் வாங்காமல் விடுவதில்லை. ஆயினும் அவை எங்களுக்குப் போதாமல் போனது அன்றிலிருந்துதான். அட்டையில் வருவன எல்லாம் பெருகப்பண்ணும், உயர்த்தும், காக்கும் வசனங்கள். புலம்பலிலிருந்தோ யோபின் நடுப்பகுதியிலிருந்தோ ஓர் அட்டை இதுவரை எவருக்கும் வந்ததாக நாங்கள் அறியோம். வரிசையாகப் படிக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. மனம் ஒட்டாத நாள்கள், நம்பிக்கை வறண்ட மாதங்கள், கண் மட்டும் எழுத்தின்மேல் ஓடிய மாலைகள் எங்களுக்கு ஏராளம். அன்றைக்கு வந்தது எதுவோ அதைப் படித்து மூடுவதுதான் முறை. விசுவாசம் என்பதை ஆச்சி வேறெதற்கும் பயன்படுத்தியதாக எங்களுக்கு நினைவில்லை.

வழக்கு தீர்ந்த விதம் யாருக்கும் வெற்றியன்று. இப்போது மேசையில் இரண்டு நூலும் இருக்கின்றன. பேத்தி பவர் பதிப்பை வாசிக்கிறாள். தடுக்கும் சொல் வந்தால் நிறுத்தி, மற்றதைப் புரட்டி, அங்கே என்ன போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறாள். மூன்று அதிகாரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. இரவுச் சோறு ஆறிப்போகிறது. அப்படி நிறுத்தும் நேரங்களில் ஆச்சி பழைய சொல்லைக் கண் திறவாமலே எடுத்துக் கொடுக்கிறார். சென்ற சித்திரையில் நாளாகமம் வந்தபோது, இந்த ஒன்பது அதிகாரத்தையும் விட்டுவிட்டு அப்பால் போகலாமா என்று பிள்ளை கேட்டாள். ஆச்சி பதில் சொல்வதற்குள் அவளே முதற்பெயரை எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.